இத்தாலியில் கார் பயணம்: கிராமத்துச் சாலை பயமில்லை, ஊர் வாசலில்தான் கவனம்

கேள்வி: நானும் என் தோழியும் மே மாதம் இத்தாலி போகிறோம். ரோம் ஏர்போர்ட்டில் வாடகை கார் எடுத்து ஒர்வியெட்டோ, பியென்சா, சியெனா, சான் ஜிமிஞானோ, ஃப்ளாரன்ஸ், லூக்கா என்று சுற்றிவிட்டு பீசாவில் காரை விடத் திட்டம். இருவருக்குமே ஓட்டத் தெரியும். "நம் ஊர் லைசென்ஸ் இங்கிலீஷில் இருக்கிறது, அதுவே போதும்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். ஆனால், போய்வந்த உறவினர் ஒருவருக்கு ஏழெட்டு மாதம் கழித்து அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. தெரியாமல் எதையாவது செய்து மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் மலைப்பாதையோ நெடுஞ்சாலையோ இல்லை. சியெனாவுக்குத் தெற்கே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் சாலைகளில் நீங்கள் நிம்மதியாக ஓட்டலாம். வலது பக்கம் ஓட்டும் பழக்கம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். ஆபத்து இருப்பது பழைய ஊர்களின் வாசலில்.

இத்தாலியின் பழைய ஊர்ப் பகுதிகள் பலவற்றில் வெளியாட்களின் கார் நுழையத் தடை உண்டு. இசட்.டி.எல். என்பார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, அதற்கு மேலோ பக்கத்திலோ ஒரு கேமரா. போலீஸ்காரர் நிற்க மாட்டார், தடுப்புக் கம்பியும் பெரும்பாலும் இருக்காது. நம்பர் பிளேட்டைக் கேமரா படம் பிடித்துவிடும், நீங்கள் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவீர்கள், ஒன்றுமே நடந்திருக்காது. மாதங்கள் கழித்துத்தான் தபால் வரும். உங்கள் உறவினருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சில ஊர்களில் பலகையோடு மின்னெழுத்தும் ஒளிரும். "வார்கோ அத்திவோ" என்று இருந்தால் கேமரா வேலை செய்கிறது, போகக் கூடாது. "ஆக்டிவ்" என்றால் திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே விட்டவர்கள் ஏராளம். கூகுள் மேப் சொன்னது, முன்னால் போன கார் போனது என்பதெல்லாம் சாக்கு ஆகாது. முன்னால் போனவர் அந்த ஊர்க்காரராக இருப்பார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மதில் சூழ்ந்த எந்த ஊராக இருந்தாலும் காரை வெளியே நிறுத்துங்கள், உள்ளே நடந்து போங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் ஊர்களில் இது கஷ்டமே இல்லை. ஒர்வியெட்டோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஃபனிகுலர் ரயிலில் குன்றின் மேல் ஏறிவிடலாம். சியெனாவில் சாந்தா கத்தரீனா பார்க்கிங்கில் விட்டால் எஸ்கலேட்டரே உங்களை மேலே கொண்டுபோகும். சான் ஜிமிஞானோவிலும் பியென்சாவிலும் மதிலுக்கு வெளியே பார்க்கிங் உண்டு. லூக்காவிலும் அப்படியே. அங்கே மதிலின் மேலேயே சுமார் 4 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

ஃப்ளாரன்ஸுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன், அதிகம் பேர் மாட்டும் ஊர்களில் அது ஒன்று. ஏ1 நெடுஞ்சாலையிலேயே வில்லா கோஸ்தான்சா என்று ஒரு பார்க்கிங் இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலே காரை அங்கே நிறுத்தி, டிராம் ஏறினால் அரை மணிக்குள் நகரின் நடுவில் இருப்பீர்கள். திரும்பி வந்து அதே நெடுஞ்சாலையில் பயணத்தைத் தொடரலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

"எங்கள் ஹோட்டலே ஊருக்குள் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாதி தெரிந்துகொண்டு போகிறவர்கள்தான் நோட்டீஸ் வாங்குகிறார்கள். பல ஊர்களில் ஹோட்டல்காரர் உங்கள் கார் எண்ணை நகராட்சியிடம் பதிவு செய்ய முடியும். பதிவு செய்தால், பெட்டிகளை இறக்க உள்ளே வரலாம். ஆனால் புக்கிங் செய்ததாலேயே பதிவு ஆகிவிடாது. கார் எண் உங்களுக்கே ஏர்போர்ட்டில்தான் தெரியும். சாவி கைக்கு வந்ததும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஹோட்டலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கேளுங்கள். "பதிவு செய்துவிட்டோம்" என்று எழுத்தில் பதில் வந்த பிறகே உள்ளே நுழையுங்கள். ஃபோனில் சொன்ன "நோ ப்ராப்ளம்" நாளைக்குச் சாட்சி ஆகாது. நடுவில் கார் பழுதாகி வேறு கார் கொடுத்தால் எண்ணும் மாறிவிடும், மறுபடி அனுப்ப வேண்டும். பெட்டியை இறக்கிய பின் காரை வெளியே எடுக்க வேண்டுமா, ஹோட்டல் சொல்லும் கராஜில் விடலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஊரைச் சுற்றக் கூடாது. ஃப்ளாட், ஹோம்ஸ்டே மாதிரி இடங்களில் தங்கினால் இந்த வசதி இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களில் பலருக்குப் பதிவு செய்யும் வழியே கிடையாது. என்னைக் கேட்டால், மதிலுக்கு வெளியே பார்க்கிங்கோடு இருக்கும் பண்ணை வீடுகளில் தங்குங்கள். அக்ரித்தூரிஸ்மோ என்பார்கள். இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்து லைசென்ஸ். உங்கள் ஏஜென்ட் சொன்னது தவறு. நம் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும். அட்டை இங்கிலீஷில் இருப்பதால் விலக்கு கிடையாது. வாடகை நிறுவனம் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடலாம், அவர்களுக்குக் கார் போனால் சரி. வழியில் போலீஸ் கேட்டால் அபராதம் 400 யூரோவைத் தாண்டும். இதை வழங்குவது உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம். மத்திய அரசின் சாரதி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். "பத்து நிமிடத்தில் ஆன்லைனில் இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று விற்கும் தளங்களையும், அதை வாங்கித் தருகிறேன் என்று ஐந்தாயிரம் கேட்கும் ஆட்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். அவர்கள் தருவது பளபளப்பான அட்டை, அவ்வளவுதான். இதில் எனக்கு நம் அலுவலகங்கள் மேலும் கோபம் உண்டு. 2021 வரை பெர்மிட்டுக்கு விசா நகல் கேட்டார்கள், விசாவோ பயணத்துக்குச் சில நாள் முன்புதான் பலருக்குக் கைக்கு வந்தது. அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் பிழைத்தார்கள். இப்போது விதிப்படி விசா இல்லாமலே பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கும் ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் போடுங்கள், இருவரும் தனித்தனியாகப் பெர்மிட் வாங்குங்கள்.

இருவரும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் தோழியின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கூடுதல் கட்டணம்தான், ஆனால் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். டெபாசிட்டுக்கு முதல் டிரைவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் இப்போதே புக் செய்யுங்கள். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று ஏஜென்ட் சொன்னால் யார் போட்டது என்று கேளுங்கள். இடைத்தரகர் தளங்கள் விற்கும் காப்பீட்டை ஏர்போர்ட் கவுன்ட்டரில் கண்டுகொள்ள மாட்டார்கள். சேதத்துக்கு முதலில் உங்கள் கார்டில்தான் பணம் எடுப்பார்கள், பிறகு நீங்கள் தரகரிடம் பில் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். அதுவும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. சியெனா, ஃப்ளாரன்ஸ் எல்லாம் இருக்கும் டஸ்கனிப் பகுதியில் பண்ணை வீடுகளுக்குப் போகும் வழி பல இடங்களில் சரளைக் கல் பாதை. அங்கே அடிபடுவது இந்த மூன்றும்தான். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

பார்க்கிங்கில் நீலக் கோடு என்றால் கட்டணம், வெள்ளை என்றால் பெரும்பாலும் இலவசம், மஞ்சள் என்றால் நமக்கு இல்லை. நெடுஞ்சாலைச் சுங்கத்தில் மஞ்சள் டெலிபாஸ் பாதையில் நுழையாதீர்கள், அது நம் ஃபாஸ்டேக் மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. வேக வரம்பு நெடுஞ்சாலையில் 130, மழையில் 110, ஊருக்குள் 50. பெட்ரோல் பங்க்கில் ஊழியர் வந்து நிரப்பித் தரும் "சர்வீத்தோ" பக்கம் நின்றால் விலை கூடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் நோட்டீஸ் வந்தால் பதற்றம் வேண்டாம். முதலில் உங்கள் கார்டில் முப்பது, நாற்பது, ஐம்பது யூரோ போகும். அது அபராதம் இல்லை. உங்கள் முகவரியை போலீஸுக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் எடுக்கும் சேவைக் கட்டணம். ஒரு முகவரி அனுப்ப இவ்வளவா என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். "அதான் கட்டிவிட்டோமே" என்று அத்தோடு இருந்துவிடாதீர்கள், உண்மையான நோட்டீஸ் பிறகு வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் வரை அவகாசம் எடுத்துக்கொள்ள இத்தாலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. இசட்.டி.எல். அபராதம் 80 யூரோவுக்குச் சற்று மேல், அதோடு தபால் செலவு. கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. 60 நாள் தாண்டினால் ஏறக்குறைய இரு மடங்கு. முதலில் கார் எண், தேதி, நேரம் மூன்றையும் உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் நோட்டீஸில் உள்ள இணைய முகவரியில், உங்கள் கார்டிலேயே நேரடியாகக் கட்டி ரசீதைச் சேமியுங்கள். "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வரும் எந்த ஏஜென்டிடமும் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.