வார்டில் நிற்கலாமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் இரண்டு பிள்ளைகளும் எங்கள் ஊர் நகராட்சி நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். மகள் எட்டாவது, மகன் நான்காவது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. போன மழைக்காலத்தில் பள்ளி வாசலில் மூடியில்லாத சாக்கடையில் ஒரு பையன் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதற்கு முன்பே இரண்டு மனு கொடுத்திருந்தோம். பிறகு இன்னும் இரண்டு கொடுத்து, அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்து, கடைசியில் ஸ்லாப் போட வைத்தோம்.

அன்றிலிருந்து மற்ற அம்மாக்கள் "அடுத்த எலெக்‌ஷன்ல நீயே கவுன்சிலருக்கு நில்லு" என்கிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "உன் இஷ்டம், கடன் மட்டும் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மாமியாருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து, "சீட் வாங்கித் தர்றோம், மத்ததையெல்லாம் உங்க வீட்டுக்காரரும் நாங்களும் பாத்துக்கிறோம்" என்றார். கட்சியா, சுயேச்சையா? ஸ்லாப் போட வைத்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் படிப்பு கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என் பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

தேர்தலில் நில்லுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஸ்லாப் போட வைத்ததைத் தவிர என்ன தெரியும்" என்று கேட்கிறீர்கள். பதினோரு தடவை நடந்ததில் எந்த மேஜையில் மனு தூங்கும், எந்த மேஜையில் நகரும், உதவிப் பொறியாளர் எந்த நேரத்தில் சீட்டில் இருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கவுன்சிலர் வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதியை எங்கள் பழைய தெருவில் ஒருவரிடம் பார்த்தேன். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் தையல்காரர். தெருவில் எல்லோருக்கும் அக்கா. 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அவருக்கும் அப்போது பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. முதல் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று மாலை என்னிடம் சொன்னார்: "தீர்மானம் போட நாப்பது பொருள் இருந்துச்சு. நம்பரைச் சொல்றாங்க, எல்லாரும் சரிங்கிறாங்க. டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. எதுக்குச் சரி சொன்னேன்னே எனக்குத் தெரியல." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த கூட்டத்திலிருந்து, கூட்டத்துக்கு வரும் பொருள்களை வரிசையாக எழுதிய அஜெண்டா தாள் வீட்டுக்கு வந்ததும் மெஷின் பலகை மேல் விரித்து வைத்துப் படிப்பார். துணியில் குறி போடுகிற சாக்பீஸால் ஓரத்தில் கோடு இழுப்பார். ஒரு மாதம் எங்கள் தெருவே அந்தத் தாளில் வந்தது. சாக்கடை தூர்வாரிய வேலை, நீளம் 240 மீட்டர், பில் தொகைக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று இருந்தது. அக்காவுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, தையல் டேப்பால் இருபது தடவை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். டேப் ஒன்றரை மீட்டர். ஆக, முடிச்சு வரைக்கும் முப்பது மீட்டர். ஒரு முனையை என் கையில் கொடுத்தார். தெருமுனையிலிருந்து கடைசி வீடு வரை வைத்து வைத்துப் போனோம். ஐந்து கயிறும் கொஞ்சமும் வந்தது. நூற்று அறுபது மீட்டர் கூட இல்லை. சாக்கடையும் தெருவின் ஒரு பக்கம்தான். ரவிக்கை அளவுகள் எழுதும் நோட்டில், யாரோ ஒருவரின் கை அளவுக்குக் கீழே அதை எழுதிக்கொண்டார்.

கூட்டத்தில் எழுந்து, அந்தப் பொருளை முழுதாக வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். நோட்டைத் திறந்து தன் அளவைச் சொன்னார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் நீளமும் தொகையும் குறைந்து திரும்பி வந்தது. ஊர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் பல மாதம் எங்கள் வார்டு வேலைகள் இழுத்தடிக்கப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெருவிலேயே சிலர் "உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு" என்றார்கள். அக்கா நோட்டை மட்டும் விடவில்லை.

2016-ல் மறுபடி நிற்கத் தயாராகியிருந்தார். அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. அப்புறம் 2022 பிப்ரவரி 19 வரைக்கும் நகரங்களில் தேர்தலே இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. 2022-ல் தேர்தல் வந்தபோது அவருடைய வார்டு வேறு ஒதுக்கீட்டுக்குப் போயிருந்தது. வேறு வார்டில் நிற்க அவருக்கு மனமில்லை. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால்தான் உங்களைப் போன்ற ஒருவர் "நிற்கலாமா" என்று கேட்டால் யோசிக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஒதுக்கீடு பற்றி இன்னொன்று. 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எந்த வார்டு யாருக்கு என்பது சுழற்சியில் மாறும். உங்கள் வார்டு "பொது" என்று வந்தால் அது ஆண்களுக்கானது என்று ஊரில் பேசுவார்கள். அப்படியில்லை. பொது வார்டில் பெண்களும் நிற்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி அந்தக் கட்சிக்காரர் சொன்னதுதான். "மத்ததையெல்லாம் உங்க வீட்டுக்காரரும் நாங்களும் பாத்துக்கிறோம்." பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தும், எத்தனையோ வார்டுகளில் போன் கணவரிடம் இருக்கிறது, ஆய்வுக்குக் கணவர் போகிறார், கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கட்சிக்காரர் கூப்பிடுவது அந்த நாற்காலிக்கு. உங்கள் கணவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். இதை அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். நோட்டீஸில் அச்சடிக்கும் நம்பர் உங்கள் நம்பராக இருக்க வேண்டும். அதிகாரி வந்தால் தெருவில் நீங்கள் நிற்க வேண்டும். மன்றத்தில் நீங்கள் பேச வேண்டும்.

கட்சியா, சுயேச்சையா என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. கட்சி என்றாலே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கட்சி சீட் கொடுத்தாலும், "அஜெண்டாவில் சரியில்லாததைச் சரியில்லை என்று நான் சொல்லலாமா" என்று கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே தெரிந்துவிடும். சுயேச்சையாக ஜெயித்தால் வேறு ஒரு நெருக்கடி வரும். 2011-ல் நகராட்சித் தலைவருக்கு மக்களே நேராக ஓட்டுப் போட்டார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு வந்த அன்று ராத்திரியே உங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும். யாருக்கு ஆதரவு, எதற்காக என்பதை ஓட்டுக் கேட்கும்போதே ஜனங்களிடம் சொல்லிவிட்டால் அந்த ராத்திரியைத் தாண்டிவிடலாம்.

மன்றத்தில் கை தூக்குவது சின்ன விஷயம் கிடையாது. 2022 மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. வீடுகளுக்கு ஊரையும் அளவையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. "உங்க பிரச்சினையைத் தீர்க்கிறேன்" என்று ஓட்டு வாங்கி வந்த புதியவர்கள் முதல் வேலையாக அந்த வரி உயர்வுத் தீர்மானத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். நாளை நீங்களும் அப்படி உட்கார வேண்டியிருக்கும். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, நகராட்சி ரோடு, உங்கள் பள்ளிக் கட்டடம் இவையெல்லாம் மன்றத்தின் கையில். ரேஷன் கடையும் போலீஸ் ஸ்டேஷனும் மின்வாரியமும் கையில் இல்லை. ஆனாலும் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வருவார்கள். "இது என் கையில் இல்லை, ஆனால் கூட வருகிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள்.

பணம். நகராட்சி வார்டுக்கு 2022-ல் டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவுக்கு உச்சவரம்பு உண்டு, தேர்தல் முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். நகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய், அதுவும் 2023-ல் இருந்துதான். போட்டதை எடுக்கிற இடம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. நகையை அடகு வைக்காதீர்கள். கடன் வேண்டாம் என்று உங்கள் கணவர் சொன்னது முழுக்கச் சரி.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். "நீயே நில்லு" என்று சொல்லும் அம்மாக்களில் எத்தனை பேர் உங்கள் வார்டு வாக்காளர்கள்? ஒரு பள்ளிக்கு மூன்று நான்கு வார்டிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பள்ளி வாசலில் உங்களைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் உங்களுக்கு ஓட்டுப் போடவே முடியாமல் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் சிலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில் இருக்கும். வாக்காளர் பட்டியலை வாங்கி, தெருத்தெருவாக அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பெயர் இல்லாதவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2022-ல் சென்னையில் நூற்றுக்குச் சுமார் 43 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். வார்டுத் தேர்தலில் பத்து ஓட்டு முடிவை மாற்றும். சமமாக வந்தால் குலுக்கல்தான். வீட்டு வரி, தண்ணீர் வரி எதுவும் பாக்கியில்லாமல் கட்டி ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். வேட்புமனு சமயத்தில் அலைய வேண்டாம்.

பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள், தெரியுமா? 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் முதல் முதலாக நடந்தது. கிராமசபை போல. உங்கள் பகுதியில் எப்போது நடக்கிறது என்று விசாரித்து, தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போய்ப் பேசுங்கள். இப்போதைய கவுன்சிலர் நல்லது செய்திருந்தால் அங்கேயே நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலங்கள் போய்விடும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் வரும். தையல்கார அக்காவின் பெண் அந்த முதல் வருடம் காலாண்டுத் தேர்வில் கணக்கில் மிகவும் இறங்கிப்போனாள். அதன்பிறகு அக்கா ராத்திரி எட்டு மணிக்கு மேல் மனு வாங்குவதை நிறுத்தினார். அவசரம் என்றால் மட்டும் கதவைத் திறப்பார். ஜனங்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். உங்கள் மகள் எட்டாவது. வரப்போகும் வருடங்கள் அவளுக்கும் முக்கியமானவை. நேரத்தை முதல் நாளே வகுத்துவிடுங்கள்.

மாமியாரை விட்டுவிடாதீர்கள். தெருவில் எந்த வீட்டில் யாருக்குக் கால் வலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். வீடு வீடாகப் போகும்போது "கூட வாங்க அத்தை" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் வர மாட்டார். தினமும் கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை நேற்று தையல்கார அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ஸ்லாப்பைத் தூக்க முடியுமா, இல்ல சிமெண்ட் வச்சுப் பூசிட்டாங்களா?" பூசியிருந்தால் தூர்வார முடியாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் பள்ளிக்குள் வரும் என்கிறார். நாளை பிள்ளைகளை விடப் போகும்போது குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அக்கா