உன் கைப்பக்குவம் எங்கேயும் போகவில்லை, தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்குத் திருப்புவனம் பக்கம் ஊர். மண்டபத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா வீட்டில் நான் வைக்கிற பொரியலை எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். இங்கே வந்த பிறகு எதுவும் வாய்க்கவில்லை. காய் வேகாமல் நறுக்நறுக்கென்று கிடக்கிறது, இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது. தண்ணீர் ஊற்றி வேகவிட்டால் உப்புக் கரிக்கிறது. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டி கட்டிக் கொடுக்க வேண்டும். நானும் கடல்பாசி எடுக்கப் போகிறேன், அதனால் அடுப்பு முன்னாலேயே நிற்க முடியாது. மீன் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள, அதிகம் கிண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லாத ஒரு காய் சொல்லுங்கள். என் கைப்பக்குவமே போய்விட்டதோ என்று அழுகையாக வருகிறது.
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்:

அழாதே தங்கச்சி. உன் கடிதத்தில் 'தண்ணீர் ஊற்றி வேகவிட்டால் உப்புக் கரிக்கிறது' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உன் கையில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. வைகைக் கரையில் நல்ல தண்ணீரில் பழகிய கை, இங்கே போர்த் தண்ணீரில் அதே கணக்கை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது. நான் பிறந்து வளர்ந்தது தேவிபட்டினம் பக்கம். கல்யாணமான புதிதில் கம்பத்தில் குடியிருந்தோம், அங்கே பெரியாற்றுத் தண்ணீர். நம்ம ஊரில் ஒரு மணி நேரம் கிடந்து வேகிற பருப்பு அங்கே பாதி நேரத்தில் கரைந்து கஞ்சியாகிவிடும், அவரைக்காய் குழைந்துபோகும். ஊருக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னபோது, "தண்ணி மாறினா கை ஒரு வருஷம் தடுமாறும்டி" என்றார். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு குடம் தனித்தனியாக இருக்கும். ஒன்று ஊற்றுத் தண்ணீர், குடிக்கவும் உலைக்கும் மட்டும். இன்னொன்று கிணற்றுத் தண்ணீர், அது மற்ற வேலைக்கு. சிறுபிள்ளைகள் தவறிப்போய்க் குடத்தை மாற்றி மொண்டால் அடியே விழும்.

நம் கரையோரத்தில் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்புத்தான். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தத்தில், சுற்றிக் கடல் கிடக்க நடுவில் நல்ல தண்ணீர் ஊறுவதை ஊரே அதிசயமாகப் போய்ப் பார்க்கிறது என்றால், மற்ற இடத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். இப்படிப்பட்ட தண்ணீரில் உப்போடு கால்சியமும் நிறைய இருக்கும். காயின் சதையை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது பெக்டின் என்கிற பசை. அது கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். கால்சியம் போய் அந்தப் பசையை இறுக்கிவிடும், அதனால்தான் எவ்வளவு கொதித்தாலும் காய் நறுக்கென்று நிற்கிறது. புளியும் இதே வேலையைச் செய்யும், ஆகவே எந்தக் காயானாலும் முக்கால்வாசி வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் விட வேண்டும். அப்புறம், வேகவில்லையே என்று நீ இன்னொரு டம்ளர், இன்னொரு டம்ளர் என்று ஊற்றியிருப்பாய். சுண்டும்போது தண்ணீர் மட்டும்தான் ஆவியாகப் போகும், அந்த மூன்று டம்ளரில் இருந்த உப்பு முழுக்கச் சட்டியிலேயே தங்கிவிடும். கரிக்காமல் என்ன செய்யும்? சிலர் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடச் சொல்வார்கள். காய் வெந்துவிடும், உண்மைதான், ஆனால் சவக்கார வாடையும் வழவழப்பும் வந்து காயின் ருசியே செத்துப்போகும். எனக்குப் பிடிக்காது, உனக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, வழி என்னவென்றால், தண்ணீரே ஊற்றாதே. காய்க்குள் இருக்கிற தண்ணீர் சுத்தமான நல்ல தண்ணீர், அதிலேயே அது வேகட்டும். இதற்கு முதல் காயாக நான் உனக்குச் சொல்வது பரங்கிக்காய். ஒரு கிலோ பரங்கியில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர்தான். புளிப்பும் காரமுமாக ஒரு சூடை மீன் குழம்பு இருந்தால், அதற்குப் பக்கத்தில் இந்த இனிப்பு மாதிரி எதுவும் சேராது. பரங்கியை இளக்காரமாகப் பார்க்கிற வீடுகள் உண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்தால் முகம் சுளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் களியாக்கிய பரங்கியைத்தான் சாப்பிட்டிருப்பார்கள் என்பது என் கட்சி. இன்னொன்றும் உண்டு. கீறாத முழுக் காய் காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலேயே கெடாமல் கிடக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது மீன் விலை ஏறிவிடும், அப்போது காய்தானே சோற்றுக்குத் துணை. அந்த நாட்களுக்கு முன்னாலேயே அம்மா நாலைந்து முழுப் பரங்கி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் உருட்டி வைத்துவிடுவார்.

வாங்கும்போது காம்பு காய்ந்து மரமாட்டம் இருக்கிறதா என்று பார். கையில் எடுத்தால் அளவுக்கு மேல் கனக்க வேண்டும். கீற்றாக வெட்டி வைத்திருந்தால் விதைப் பக்கத்தைப் பார், கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். சதை நல்ல ஆரஞ்சு நிறமாகத் தடிப்பாக இருக்க வேண்டும், வெளுத்துப்போன காய் எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

நாலு பேருக்கு ஒரு கிலோ போதும். விதையை எடுத்துவிட்டு, தோலைச் சீவாமல், இரண்டு விரல் அகலத்துக்குப் பெரிய துண்டாக நறுக்கு. தோல்தான் துண்டு உடையாமல் பிடித்துக்கொள்ளும், வெந்த பிறகு அது இருப்பதே தெரியாது. பொடிசாக நறுக்கினால் சீக்கிரம் வேகுமே என்று கை துறுதுறுக்கும், வேண்டாம், சிறு தீயில் வைக்கிற காய்க்குப் பெரிய துண்டுதான் சரி. சின்ன வெங்காயம் இருபது, இரண்டாக வகுந்தது. பூண்டு எட்டுப் பல், தட்டினது. வத்தல் நம்ம முண்டு வத்தல் நாலு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விளைகிற அந்த உருண்டை வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் தடிப்பானது, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். அதை முழுசாகப் போட்டால் எண்ணெயில் உருண்டுகொண்டே இருந்து ஒரு பக்கம் கருகும், காம்பைக் கிள்ளிவிட்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தி உடைத்துப் போடு.

பாத்திரம் முக்கியம். மெல்லிசான அலுமினியச் சட்டி இதற்கு ஆகாது, அடிப்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். பழகிய மண்சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடி கனத்த இருப்புச் சட்டி. நல்லெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி காயட்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, கொஞ்சம் சோம்பு, வத்தல், கறிவேப்பிலை, அப்புறம் வெங்காயமும் பூண்டும். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகிறவரை மட்டும் நீ பக்கத்தில் நின்றால் போதும். பிறகு தீயைச் சிம்மில் வைத்துவிட்டு, துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி அடுக்கு. மேலே கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், பொடியுப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் தூவு. உப்பை முதலிலேயே போட வேண்டும், அதுதான் காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும்.

இப்போது மூடி. குழிவான ஒரு தட்டைச் சட்டி வாய்க்குப் பொருந்த வைத்து, அந்தத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்று. இதற்கு உன் போர்த் தண்ணீரே போதும், அது காயைத் தொடப்போவதில்லை. உள்ளேயிருந்து ஏறுகிற ஆவி, குளிர்ந்த தட்டில் பட்டுத் துளித்துளியாகத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழும். காயில் இருந்த தண்ணீர் வீணாகாமல் காய்க்கே போய்ச் சேருகிறது. அடிப்பிடிக்கிற பேச்சுக்கே இடமில்லை.

இனி நீ போய் உன் வேலையைப் பார்க்கலாம். குளி, பிள்ளை இருந்தால் எழுப்பு, குழம்புக்கு மீனைக் கழுவு. முதல் கால் மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது, கரண்டி போடவும் கூடாது. தீயைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைத்துவிடாதே. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது, தீயைக் கூட்டக் கூட ஆவிதான் அதிகமாகப் போகும், தண்ணீர் வற்றும், பிறகு கருகும். காய் வேக அந்தச் சின்னத் தீயே ஏராளம்.

இதில் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். மூடியதும் எண்ணெயில் 'சொய்' என்று சத்தம் கேட்கும். ஏழெட்டு நிமிஷத்தில் அது அடங்கி, யாரோ தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரி 'குளுகுளு' என்று வரும். காய் தண்ணீர் விட்டுவிட்டது என்று அர்த்தம். கால் மணி நேரம் ஆனதும் துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கி வை. தட்டிலிருக்கிற தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்திருந்தால், குலுக்குவதற்கு முன்னால் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் மாற்று. இருபத்தைந்து நிமிஷம் போல ஆனதும் ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பார், தோல் வரைக்கும் சிக்காமல் இறங்க வேண்டும். அப்போது மூடியை எடுத்துவிட்டு நாலைந்து நிமிஷம் திறந்தபடி விடு. 'குளுகுளு' மறுபடி 'சொய்' ஆகும், மீதித் தண்ணீர் சுண்டி எண்ணெய் ஓரத்தில் தெரியும். தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி தூவி அடுப்பை அணை. பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும், சூட்டோடு கிண்டினால் இவ்வளவு நேரம் காத்ததெல்லாம் உடைந்துபோகும். சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். நல்ல காய் வாங்கியிருந்தால் இனிப்பு அதிலேயே இருக்கும்.

இதே முறையில் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் எல்லாம் வரும். பீர்க்கங்காய்க்குப் பத்து நிமிஷம் போதும், அது விடுகிற தண்ணீர் உனக்கே ஆச்சரியமாக இருக்கும். கத்தரிக்காய் முதலில் எண்ணெயைக் குடிக்கும், பயந்துபோய் மேலும் ஊற்றாதே, வெந்து சுருளும்போது குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொத்தவரங்காய், வாழைக்காய், சேனைக்கிழங்கு இவற்றுக்கு இந்த வழி சரிப்படாது, அவ்வளவு தண்ணீர் அவற்றில் கிடையாது. அவற்றுக்குக் குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் ஒதுக்கிக்கொள். குடம் இத்தனை ரூபாய் என்று காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைக் காய்க்கு ஊற்றுவதா என்று மனசு கேட்காதுதான், எனக்குத் தெரியும். அதனால்தான் வாரத்தில் நாலு நாள் தண்ணீர் விடுகிற காயாக வாங்கு என்கிறேன்.

மாமியாரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் இருக்கிறார் என்றால் ஒரு நாள் அவரையே கேட்டுப் பார், "அத்தை, முன்னாடி எந்தத் தண்ணியில சமைப்பீங்க?" என்று. இந்தக் கரையில் வயசான பொம்பிளை ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கும், ஊற்றுத் தோண்டிய இடம் வரைக்கும் கைகாட்டுவார்கள். நீ தனியாகக் கிடந்து அழுததற்கு அவர் அரை நாளில் வழி சொல்லியிருப்பார்.

கடைசியாகத் தூக்குச்சட்டி. படகுக்குக் கொடுத்துவிடுகிற காயில் தேங்காய் போடாதே, வெயிலேறினால் ஊசிப்போகும். தேங்காய் தூவுவதற்கு முன்னால் அவர் பங்கைத் தனியாக எடுத்து, இன்னும் இரண்டு நிமிஷம் தண்ணீர் சுத்தமாக வற்றும்வரை வதக்கி, தட்டில் பரப்பி ஆறவிடு. ஆவி பறக்கப் பறக்க மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரே காயைக் கெடுக்கும். ஆறின பிறகு சோற்றுக்கு மேலே வைக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்து மூடிக் கொடு. முதல் தடவை மட்டும் உப்பை முக்கால் டீஸ்பூனோடு நிறுத்திப் பார், கழுவும்போது ஒட்டியிருந்த போர்த் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும்.