தேர்தல் நேரத்தில் தன்னார்வக் குழு எதைச் செய்யலாம், எதை ஒத்திவைக்கலாம்?

கேள்வி: எங்கள் நகராட்சியில் இருபது பேர் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறோம். புதிய வாக்காளர் சேர்ப்பு, வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு ஆட்களைத் திரட்டுவது, தகவல் உரிமை மனு, குளம் தூர்வாருவது எல்லாம் செய்கிறோம். அடுத்த நகராட்சித் தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. எங்கள் துணைத் தலைவர் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார். இப்போதைய கவுன்சிலரோ குளத்துக்கான ஜேசிபி செலவைத் தான் ஏற்பதாகச் சொல்கிறார். இதற்குள் ‘நீங்கள் அந்தக் கட்சியின் பி டீம்’ என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: துணைத் தலைவரையும் ஜேசிபியையும் பிறகு பார்ப்போம். எனக்கு முதலில் உறுத்தியது உங்கள் வேலைப் பட்டியல். நான்கும் நல்ல வேலைகள்தான். ஆனால் எதையும் செய்யத் தயாராக இருக்கிற குழுவுக்கு வேலை கொடுக்க ஆட்கள் வரிசையில் வருவார்கள். ஆளும் தரப்பு குளம் தூர்வாரக் கூப்பிடும், பின்னாலேயே ஃபிளெக்ஸும் வரும். எதிர்த்தரப்பு, தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு சாலை ஒப்பந்தத்தின் நகல்களைக் கொண்டுவந்து, ‘மனு போடுவது நீங்கள்தானே’ என்று கொடுக்கும். இரண்டிலும் பொய் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் இந்த மாதம் நீங்கள் எதில் கைவைக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்திருப்பார். சார்பு பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகிறது, கொடி பிடித்துக்கொண்டு அல்ல.

அதனால் தேர்தல் முடியும்வரை இரண்டு முக்கிய வேலைகளை எழுதி வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: வாக்காளர் பட்டியல், வேட்பாளர்களிடம் பொதுவான கேள்விகள். பகுதி சபைக்கு வழக்கம்போல் போய் வாருங்கள். குளம் காத்திருக்கட்டும். தகவல் உரிமை மனுவை நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். ஒரு வார்டின் சாலையைப் பற்றி மட்டும் கேட்டால் அந்தக் கவுன்சிலர் மீது புகார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். எல்லா வார்டுக்கும் அதே கேள்வியை ஒரே நாளில் போடுங்கள். 1999-இல் தொடங்கிய ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) செய்வதும் இதுதான். அதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் தந்த தீர்ப்பை ஒட்டியே வேட்பாளர்கள் சொத்து, குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டியதாயிற்று. யாருக்கு ஓட்டுப் போடு என்று அது சொல்வதில்லை. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வாக்காளர் சேர்ப்பு பாதுகாப்பான வேலை என்று நினைப்பீர்கள். பெருமளவுக்கு அப்படித்தான். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என 18 வயதைக் கணக்கிடும் நான்கு தகுதி நாட்கள் இருப்பதால் 17 வயது ஆனவர்களும் பெயர் சேர்க்க முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். முகவரி மாற்றம், திருத்தத்துக்குப் படிவம் 8. சிக்கல், பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-இல் இருக்கிறது. ‘இந்தத் தெருவில் நாற்பது பேர் ஊரிலேயே இல்லை, நீக்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள்’ என்று பூத் ஏஜென்ட் யாராவது பட்டியலோடு வருவார். வாங்காதீர்கள். தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைக்கு வழியிருக்கிறது. தவிர, அந்த நாற்பது பேர் எந்தத் தரப்பு என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கல்லூரி வாசலில் மேசை போடும்போது கரை வேட்டியும், வெள்ளைச் சட்டைப் பையில் தெரியும் தலைவர் படமும் மேசைக்குப் பின்னால் இருக்கக் கூடாது. விண்ணப்பிக்க வருபவர் எதைக் கட்டியிருந்தாலும் சரி.

வேட்பாளர் கூட்டத்தில்தான் நிறைய குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. அழைப்புக் கடிதம் எல்லா வேட்பாளருக்கும், சுயேச்சைகளுக்கும் சேர்த்து, ஒரே நாளில் போக வேண்டும். பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பேசும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். கேள்விகளை முன்பே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால்? கூட்டத்தை ரத்து செய்யுங்கள். பந்தல், ஒலிபெருக்கிக் காசு போனால் போகட்டும், இல்லையென்றால் நீங்கள் நடத்தியது அவருடைய பிரச்சாரக் கூட்டம். நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகு என்றால் முன் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்டால் அது நடுநிலை என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் கட்சி சாரா அமைப்பான பெண் வாக்காளர் கழகம் 1976, 1980, 1984 அதிபர் தேர்தல்களில் வேட்பாளர் விவாதங்களை நடத்தியது. 1988-இல் இரண்டு பெரிய கட்சிகளின் பிரச்சாரக் குழுக்களும் தங்களுக்குள் பேசி முடித்து, கேள்வி கேட்பவர், பார்வையாளர் வரை தாங்களே தீர்மானிக்கும் நிபந்தனைகளைக் கொண்டுவந்தன. கழகம் விலகிக்கொண்டது. உங்கள் ஊரிலும் இரண்டு பெரிய கட்சிக்காரர்கள் சேர்ந்து வந்து ‘சுயேச்சைகளைக் கூப்பிட வேண்டாம்’ என்பார்கள்.

துணைத் தலைவர் விஷயத்துக்கும் அந்தக் கழகத்தின் நடைமுறை உதவும். உறுப்பினர்கள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம். குழுவின் முகமாக இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. அவர் நிற்பது அவர் உரிமை, தடுக்காதீர்கள். ஆனால் வேட்புமனு நாள் வரை காத்திருக்காமல் முடிவு செய்த அன்றே பொறுப்பிலிருந்து விலகட்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது தொலைபேசி எண்களை. சேர்ப்பு முகாம்களில் இளைஞர்கள் நம்பிக் கொடுத்த எண்கள் அவர் போனிலும் மடிக்கணினியிலும் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு ஓட்டுக் கேட்பு செய்தி போனால் போதும், ‘பி டீம்’ பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். அவரிடமிருக்கும் பட்டியல்களை அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

ஜேசிபிக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கவுன்சிலருக்குக் குளத்தில் அக்கறை என்றால் நகராட்சியில் தீர்மானம் போட்டு வேலையாகவே கொண்டுவரலாம், அதற்குத்தான் அந்தப் பதவி. பதவியில் இருப்பவர், போட்டியிடக்கூடியவர் யாரிடமும் பணம் இல்லை என்று எழுதி வைத்தால் அடுத்தவருக்கும் அதே பதில். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்புகிறேன் என்றால் அவர்கள் குடியுரிமையைக் கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவில்லாமல் வாங்கக் கூடாது.

வாட்ஸப் குழுவில் கட்சி மீம் வேண்டாம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அட்மின் பட்டியலில் துணைத் தலைவர் பெயர் இருந்தால் இந்த வாரமே பேசி எடுத்துவிடுங்கள். வேட்புமனு போட்ட பிறகு எடுத்தால் அதையும் ஒரு கட்சி முடிவாகத்தான் பார்ப்பார்கள்.