புரட்சியும் போரும் நடக்கும்போது அமையும் இடைக்கால அரசுகள் ஏன் நிலைப்பதில்லை?

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ரஷ்யப் புரட்சிப் பாடம் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "ஜார்தான் மார்ச்சிலேயே போயிட்டாரே சார், அப்புறம் எதுக்கு நவம்பர்ல இன்னொரு புரட்சி?" உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த எட்டு மாதங்களுக்குள்தான் இருக்கிறது.

1917 மார்ச் 15. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜார் நிக்கோலஸ் முடி துறந்த அதே நாளில் இளவரசர் லிவோவ் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால்தான் பட்டம் ஏற்பேன் என்று ஜாரின் தம்பி மிகயில் மறுநாளே ஒதுங்கிவிட்டார். ஆக, புதிய அரசுக்குப் பின்னால் மன்னரும் இல்லை, தேர்தலும் இல்லை. அதே தலைநகர் பெட்ரோகிராடில், தவ்ரீதா அரண்மனையின் ஒரு பக்கத்தில் டூமா என்ற நாடாளுமன்றத்தின் தலைவர்கள் அமைச்சர் பட்டியல் எழுதிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் தேர்ந்தெடுத்த சோவியத் என்ற மன்றம் கூடியிருந்தது.

அதற்கு முந்தைய நாள் சோவியத் தன் முதல் உத்தரவை வெளியிட்டிருந்தது. இந்த இடத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்வேன். துப்பாக்கிகள் இனி அதிகாரிகளிடம் அல்ல, சிப்பாய்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்களின் பொறுப்பில் இருக்கும். டூமாவின் ராணுவ ஆணையம் இடும் கட்டளை சோவியத்தின் முடிவுக்கு முரணாக இல்லாவிட்டால் மட்டும் கேட்டால் போதும். இன்னொன்றும் உண்டு: அதிகாரி எவரும் சிப்பாயை 'நீ' என்று அழைக்கக் கூடாது. ரஷ்ய மொழியிலும் நம் மொழி போலவே நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருக்கிறது. பண்ணையில் 'நீ', படையில் 'நீ' என்றே கேட்டு வளர்ந்தவன் முதல்முறையாக 'நீங்கள்' என்ற சொல்லைக் கேட்கிறான். அவன் யார் பக்கம் நிற்பான், சொல்லுங்கள்? அமைச்சரவையின் பக்கமா, அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தவர்கள் பக்கமா?

ஒரே வாரத்தில் போர் அமைச்சர் குச்கோவ், தளபதி அலெக்ஸேயெவுக்கு எழுதிய கடிதத்தில் நிலைமையை ஒப்புக்கொண்டுவிட்டார். படை, ரயில், தபால், தந்தி எல்லாம் சோவியத் கையில். அது விடும் அளவுக்குத்தான் அரசின் உத்தரவு நடக்கிறது என்றார்.

அந்த அமைச்சர்கள் ஒன்றுக்கும் ஆகாதவர்கள் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பேச்சுரிமை தந்தார்கள், அரசியல் கைதிகளை விடுவித்தார்கள், மரண தண்டனையை நீக்கினார்கள், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்கள். ஆனால் நிலம் கேட்டு வந்த விவசாயியிடம், நாங்கள் தேர்தலில் வந்தவர்கள் இல்லை, அரசியல் நிர்ணய சபை கூடி முடிவு செய்யட்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். நிலப் பங்கீடு தொடங்கினால் சிப்பாய்கள் தங்கள் பங்கைக் கேட்டு ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. செப்டம்பரில் நடப்பதாக இருந்த தேர்தலோ நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் கிராமங்களில் விவசாயிகள் தாங்களாகவே பண்ணை நிலங்களில் இறங்கிவிட்டார்கள்.

எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்: நிலத்தைப் பங்கிட உரிமை இல்லை என்று சொன்ன அதே அரசு, ஜூலை 1 அன்று போர்முனையில் பெரும் தாக்குதலுக்கு உத்தரவிட்டது. நேச நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு, அவர்களிடம் வாங்கிய கடன், ஜெர்மனி ஜெயித்துவிடுமோ என்ற அச்சம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் சாகப் போகிறவன் சிப்பாய்; அவனுக்குச் சேர வேண்டிய எல்லாவற்றுக்கும் 'பொறு' என்றுவிட்டு, சாவதை மட்டும் இன்றைக்கே செய்யச் சொன்னால் எப்படி? தாக்குதல் சில நாட்களிலேயே தடுமாறியது, படைப்பிரிவுகள் கலைந்தன. லிவோவ் விலகி, போர் அமைச்சராக இருந்த கெரென்ஸ்கி பிரதமரானார். நீக்கிய மரண தண்டனையைப் போர்முனையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். செப்டம்பரில் தளபதி கோர்னிலோவ் தலைநகரை நோக்கிப் படை அனுப்ப, தடுப்பதற்காகத் தொழிலாளர் கைக்குத் துப்பாக்கி போனது. போனது திரும்பி வரவில்லை.

நவம்பர் 7 அன்று லெனின் தலைமையிலான போல்ஷெவிக் கட்சி ஆட்சியைக் கைப்பற்ற எழுந்தபோது பெட்ரோகிராடில் லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். குளிர்கால அரண்மனையில் அமைச்சர்களைக் காக்க நின்றவர்கள் பயிற்சி அதிகாரிகள், பெண்கள் படைப்பிரிவின் ஒரு பகுதி என ஒரு சிறு கூட்டம்தான். அதிலும் பலர் இரவுக்குள் போய்விட்டார்கள்.

எல்லா இடைக்கால அரசும் இப்படி விழுந்ததில்லை. 1944-ல், ஜெர்மன் பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த பிரான்சில் டி கோல் அமைத்த அரசு நின்றது. எதிர்ப்பு இயக்கப் போராளிகளை அவர் வழக்கமான படைக்குள் சேர்த்தார், எஞ்சிய ஆயுதக் குழுக்களை அக்டோபரிலேயே கலைக்க உத்தரவிட்டார், மறு ஆண்டு அக்டோபரில் தேர்தலை நடத்தினார். முக்கியமாக, போர் ஜெயிக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. லிவோவுக்கும் கெரென்ஸ்கிக்கும் இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

சரி, எல்லாவற்றையும் ஒத்திவைத்துக் காத்திருந்தார்களே, அந்த அரசியல் நிர்ணய சபை என்னவாயிற்று? தேர்தல் நடந்தது. விவசாயிகளின் ஆதரவு பெற்ற சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி முதலிடம் பிடித்தது, போல்ஷெவிக்குகள் இரண்டாமிடம். 1918 ஜனவரி 18 அன்று அதே தவ்ரீதா அரண்மனையில் சபை கூடியது. விடியும் நேரத்தில், காவலுக்கு நின்ற மாலுமி ஒருவர் சபைத் தலைவர் செர்னோவிடம் வந்து, காவலர்கள் களைத்துப்போய்விட்டார்கள், எல்லோரும் கிளம்புங்கள் என்றார். உறுப்பினர்கள் மறுபடி வந்தபோது கதவு பூட்டியிருந்தது.