மூடிய பெட்டிக்குள் எந்தப் பூதம்? மினியேச்சர் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: நண்பர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச ஆட்டத்தை நடத்தப் போகிறேன். முதல் சில வாரங்களுக்குக் கோப்ளின், எலும்புக்கூடு, ஓநாய் என்று எதிரிகள் தேவை. வண்ணம் தீட்டும் பொறுமை எனக்குக் கிடையாது. வண்ணம் தீட்டியே வரும் பொம்மைகள் மூடிய பூஸ்டர் பெட்டிகளில் விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும் என்கிறார்கள். எட்டுப் பெட்டி வாங்கினால் போதுமா?

பதில்: விஸ்கிட்ஸ் நிறுவனம் 2014 முதல் விற்றுவரும் ஐகான்ஸ் ஆஃப் தி ரெல்ம்ஸ் வரிசையைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் வழக்கமான பூஸ்டர் ஒன்றில் நான்கு பொம்மைகள் இருக்கும். எட்டு பூஸ்டர் சேர்ந்தது ஒரு பிரிக், நான்கு பிரிக் சேர்ந்தால் ஒரு கேஸ். ஆக எட்டுப் பெட்டிக்கு 32 பொம்மைகள் வரும். ஆனால் ஆறு கோப்ளின் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சிக்கல் அதிர்ஷ்டத்தில் மட்டும் இல்லை. ஒரு தொகுப்பில் நாற்பது, ஐம்பது வகை உருவங்கள் இருக்கும். சேகரிப்பவருக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தால் போதும், அதனால் தொகுப்பும் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. ஆட்டம் நடத்துபவருக்கோ ஒரே மாதிரி நான்கைந்து வேண்டும், பிறகு ஒரு தலைவன் வேண்டும். இரண்டு பேரின் தேவையும் நேர் எதிர். காமன் என்று குறிக்கப்பட்டவை திரும்பத் திரும்ப வரும்தான், ஆனால் எந்த உருவம் காமன் என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். வாங்கும் முன் அந்தத் தொகுப்பின் முழுப் பட்டியலையும் பார்த்து, காமன் வரிசையில் உங்களுக்குப் பயன்படுபவை எத்தனை என்று எண்ணுங்கள். அரிதாக வரும் ரேர் வரிசையின் படங்கள்தான் விளம்பரத்தில் பெரிதாக வரும். அதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பெட்டியில் இருக்கும் நான்கில் ஒன்று பெரும்பாலும் பெரிய உருவமாக இருக்கும். ஆட்டப் பலகையில் ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடிக்குச் சமம். மனித உருவத்துக்கு ஒரு அங்குல அடித்தட்டு, ஓகர் மாதிரி பெரியவற்றுக்கு இரண்டு அங்குலம். எட்டுப் பெட்டி வாங்கினால் ஏறத்தாழ எட்டுப் பெரிய பூதங்கள் கையில் இருக்கும். முதல் நிலையில் இருக்கும், இன்னும் பலம் சேராத நான்கு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் அவற்றில் எத்தனையை நிறுத்துவீர்கள்? ஒன்றை நிறுத்தினாலே பாதிப் பேர் காலி.

உங்கள் நிலையில் நான் பூஸ்டர் வாங்க மாட்டேன். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கும் கடைகள் இருக்கின்றன, அங்கே சிங்கிள்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். காமன் பொம்மைகள் பொதுவாகக் குறைந்த விலைக்குப் போகும், ஏனென்றால் பெட்டியைப் பிரிப்பவரிடம் அவைதான் குவிந்து கிடக்கும். கோப்ளின் கூட்டம், கோபோல்ட் கூட்டம் என்று உள்ளிருப்பதை வெளியே காட்டி விற்கும் பெட்டிகளும் அதே நிறுவனத்திடம் உண்டு. பொறுமை வந்தால் அதே நிறுவனத்தின் நோல்சர்ஸ் மார்வெலஸ் மினியேச்சர்ஸ், ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் போன்றவற்றையும் பாருங்கள். அவை வண்ணம் தீட்டாமல் வருபவை, என்ன வாங்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பூஸ்டர் யாருக்குப் பொருந்தும் என்றால், கதையை முன்கூட்டியே எழுதி வைக்காத ஆட்களுக்கு. பெட்டியில் என்ன வந்ததோ அதை வைத்து அடுத்த வாரத்துச் சண்டையை அமைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு பிரிக் நல்ல கொள்முதல்தான்.

கேள்வி: ஒரு தொகுப்பில் எனக்கு ஒரே ஒரு ரேர் பொம்மை மட்டும் வேண்டும். தனியாக வாங்கினால் பல பூஸ்டரின் விலை சொல்கிறார்கள். பெட்டிகளை வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகுப்பில் 20 ரேர் இருக்கிறது, பெட்டிக்கு ஒன்று வருகிறது, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பெட்டி வாங்கினால் நீங்கள் தேடுவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம். "இருபதில் ஒன்று, அப்படியானால் இருபது பெட்டியில் வந்துவிடும்" என்று நினைப்பவர்கள் நிறைய. இருபது பெட்டி வாங்கினாலும் வாய்ப்பு 64 சதவீதம்தான். 90 சதவீதம் ஆக வேண்டுமென்றால் 45 பெட்டி ஆகும். தனி பொம்மையின் விலை எத்தனை பூஸ்டருக்குச் சமம் என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பூஸ்டர் விலை என்றாலும் தனியாக வாங்குவதே மேல். மிஞ்சுவதை விற்று ஈடுகட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அதை விற்க ஆகும் நேரத்தையும் அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

20 ரேர்களையும் சேர்க்க ஆசைப்பட்டால் கதையே வேறு. இதே அனுமானத்தில் சராசரியாக 72 பெட்டி தேவைப்படும். அதிலும் பத்தொன்பது கைக்கு வந்த பிறகு மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்றுக்காகச் சராசரியாக 20 பெட்டி போகும். பணம் கரைவது தொடக்கத்தில் இல்லை, அந்தக் கடைசி இரண்டு மூன்று பொம்மைகளில்தான்.

இது சீட்டுக் குலுக்கல் மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் ஒரு கேஸுக்குள் ஒரே ரேர் அடிக்கடி வராதபடி ஓரளவு பரப்பித்தான் அடுக்குகிறார்கள். அதனால் முழு கேஸாக வாங்குபவருக்கு இரட்டைகள் குறையும். பல இடங்களில் உதிரியாக 32 பூஸ்டர் வாங்குபவருக்கு அந்த ஆதாயம் கிடைக்காது. முழுத் தொகுப்புதான் வேண்டுமென்றால் நண்பர்கள் சேர்ந்து ஒரு கேஸ் எடுத்துப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். யார் எதை எடுப்பது என்பதைப் பெட்டி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். டிராகனைப் பார்த்த பிறகு பேசினால் நட்பு நிற்காது.

அப்புறம், தொகுப்பு வெளியான முதல் வாரமே தனி பொம்மை வாங்க ஓடாதீர்கள். கேஸ்கள் நிறையப் பிரிக்கப்பட்டதும் விலை பெரும்பாலும் இறங்கும். தயாரிப்பு நின்ற பிறகுதான் மறுபடி ஏறும்.

கேள்வி: உதிரி பூஸ்டர்களை யாராவது எடை பார்த்து, நல்லதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை விற்பார்களா?

பதில்: உள்ளே இருக்கும் உருவங்களின் பருமன் வேறுபடும்போது அந்தச் சந்தேகத்தை யாராலும் முழுதாக நீக்க முடியாது. லெகோ சிறு பொம்மைகளைப் பையோடு தடவிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 2023-இல் அந்த நிறுவனம் பையை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறியது. உடனே பெட்டி மேல் அச்சிட்ட குறியீட்டைப் படித்து உள்ளிருப்பதைச் சொல்லும் வழியையும் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆசை இருக்கும் இடத்தில் வழி பிறந்துவிடும்.

பாதுகாப்பு வேண்டுமென்றால் முத்திரை உடையாத பிரிக்காக வாங்குங்கள். ஒரு கேஸைத் தானே பிரித்து ரேர்களைத் தனியாக விற்கும் ஒருவர், பக்கத்திலேயே உதிரி பூஸ்டரும் மலிவாகப் போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் ஈட்டி வில்லாக வளைந்திருக்கிறது. இன்னொன்றில் கண் இருக்க வேண்டிய புள்ளி கன்னத்தில் இருக்கிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: வளைந்த ஈட்டிக்குப் புகார் தேவையில்லை. மென்மையான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அழுந்தி வளைவது சகஜம். நல்ல சூடான நீரில் அந்தப் பகுதியைச் சிறிது நேரம் வைத்து, இளகியதும் நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். அப்படியே நிற்கும். கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள்.

கன்னத்தில் கண் என்பது கஷ்டமான விஷயம். ஆயிரக்கணக்கில் தீட்டப்படும் பொருளில் கொஞ்சம் விலகல் இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார், அதில் நியாயமும் உண்டு. ஆனால் கை உடைந்திருந்தால், அடித்தட்டு இல்லாவிட்டால், நான்குக்கு மூன்றுதான் இருந்தால் அது தெளிவான குறை. விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, படம் எடுத்து, ரசீதோடு உடனே எழுதுங்கள். "ஏற்கெனவே இருப்பதே மறுபடி வந்துவிட்டது" என்பது மட்டும் எந்தக் கடையிலும் குறையாக எடுபடாது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் கைக்காசு முழுவதையும் இதில் போடுகிறான். இது சூதாட்டம்தானே?

பதில்: கட்டிய பணம் மொத்தமாகப் போய்விடுவதில்லை, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பொம்மை கைக்கு வரும் என்பதுதான் இதை விற்பவர்களின் பதில். 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில வீடியோ விளையாட்டுகளின் மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு செய்தது. கையில் பிடிக்கும் பொம்மைப் பெட்டிகள் வழக்கம்போல விற்பனையில்தான் இருக்கின்றன. சட்டம் எப்படியோ, "இன்னும் ஒன்றே ஒன்று" என்ற இழுப்பு இரண்டுக்கும் பொது. திட்டித் தடுப்பதைவிட, மாதத்துக்கு இத்தனை பெட்டி என்று முன்கூட்டியே ஒரு எல்லை போடுங்கள். இரட்டைகளை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் உண்மையில் அந்த ஆட்டத்தை ஆடுகிறானா, பெட்டியை மட்டும்தான் பிரிக்கிறானா என்று கவனியுங்கள். ஆடுகிறவன் என்றால் தனக்குத் தேவையானதைச் சீக்கிரமே தனியாகக் கேட்க ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: பழைய, பிரிக்காத பெட்டிகளை முதலீடாக வாங்கி வைக்கலாமா? 2003-ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது.

பதில்: அது இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் ஹார்பிஞ்சர் தொகுப்பாக இருக்கலாம். 80 உருவங்கள் கொண்டது, அந்த நிறுவனத்தின் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினியேச்சர்ஸ் வரிசையில் முதலாவது. முதலீடு என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளுக்கு, திறக்காத வரைதான் மதிப்பு. முத்திரை அசல்தானா என்பதை நிரூபிப்பதும் உங்கள் தலையில் விழும். ஆட்டத்துக்காக என்றால் பிரித்து வைத்த பழைய பொம்மைகளையே வாங்குங்கள். கூடவே வந்த அட்டைகளில் உருவத்தின் பலத்தைச் சொல்லும் எண்கள் அந்தக் காலத்து விதிகளுக்கானவை, 2014-இல் வந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கு ஒத்துவராது. எனவே அட்டை இல்லை என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.