ஆதார் ஜெராக்ஸ் வாங்கி பீரோவில் வைத்தால் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் மாடி வீடு காலியாக இருக்கிறது. புரோக்கர் அண்ணாச்சி ஒரு தம்பியைக் கூட்டி வந்தார். மனைவி, ஒரு குழந்தை. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார். அதில் மதுரை முகவரி. "நமக்குத் தெரிஞ்ச பையன்தான், யோசிக்காதீங்க" என்கிறார் புரோக்கர். அட்வான்ஸும் கையில் தயார். கீழ்வீட்டில் நாங்கள் இரண்டு வயதானவர்கள்தான். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: புரோக்கருக்குத் தெரிந்த பையன் என்றால், எத்தனை வருடமாக, எந்த வழியில் தெரியும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பல நேரம் நேற்று போனில் பேசிய பழக்கமாகத்தான் இருக்கும்.

ஜெராக்ஸில் பெயரையும் படத்தையும் மாற்றுவது இன்று பத்து நிமிட வேலை. அதனால் அசல் கார்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் இருக்கும் கியூஆர் கோடை, ஆதார் ஆணையம் வெளியிட்டிருக்கும் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண ஸ்கேனரில் வெறும் எண்களாக ஓடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆணையத்தின் செயலியில் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் வரும். ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் அந்த விவரத்தை யாரும் திருத்த முடியாது. திரையில் வரும் முகமும், கார்டில் இருக்கும் முகமும், எதிரே உட்கார்ந்திருக்கும் முகமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முழு எண்ணும் தர யோசித்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுக்கலாம். அதில் உள்ள கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்ய முடியும். ஆதாரே தரமாட்டேன் என்றால் வீட்டு உரிமையாளர் கட்டாயப்படுத்த முடியாது. உடனே சந்தேகப்படவும் வேண்டாம். வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், ஓட்டுநர் உரிமத்தை மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். பான் கார்டில் முகவரி கிடையாது. துணைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி வீட்டைக் கொடுக்காதீர்கள்.

மதுரை முகவரி பெரிய குறை இல்லை. ஊர் மாறிய எத்தனை பேர் ஆதாரில் முகவரியை மாற்றுகிறார்கள்? ஆனால் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். ஏன் காலி செய்தார், வாடகை தேதிக்கு வந்ததா என்ற இரண்டு கேள்வி போதும். வேலை பார்க்கும் இடத்தையும் விசாரியுங்கள். அவர் தரும் எண்ணில் கூப்பிட்டால் அவருடைய நண்பரே "மேனேஜர் பேசுறேன்" என்பார். அலுவலக எண்ணை நீங்களாகத் தேடிக் கூப்பிடுங்கள். ஹைகிரவுண்ட் பக்கம் வேலை என்றால் ஒரு நடை நேரிலேயே போய் வந்துவிடலாம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கென்றே விண்ணப்பம் இருக்கிறது. கட்டணம் உண்டு. அந்தத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொன்னதும் "வேறு வீடு பார்க்கிறேன்" என்று கிளம்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம், எழுத்து ஒப்பந்தம். 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாய்ப்பேச்சில் வீடு விடக் கூடாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதிவிட்டால் இது தேவையில்லை என்று பத்திரம் எழுதும் இடத்திலேயே சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிய நகலின் குறுக்கே "வீட்டு வாடகைக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதைப் புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கேள்வி: டவுனில் உள்ள வீட்டை இணையத்தில் விளம்பரம் செய்தேன். விஜயநாராயணம் கடற்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருவதாக ஒருவர் பேசினார். வீடு பார்க்க நேரமில்லையாம். அடையாள அட்டை, ஆதார் எல்லாம் படமாக அனுப்பிவிட்டார். அட்வான்ஸ் போட ஒரு கியூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் இருப்பது உண்மை, அதனால்தான் கதை நம்பும்படி இருக்கிறது. அந்த அட்டைகூட யாரோ ஒரு நிஜ வீரரிடமிருந்து திருடிய படமாக இருக்கலாம். நேரில் வராதவருக்கு வீடு இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா பையன்கள் எட்டுப் பேருக்கு, தாழையூத்தில் உள்ள என் வீட்டை ஒரு கான்ட்ராக்டர் கேட்கிறார். இந்திக்காரர்களுக்குக் கொடுக்காதே என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். என் கணக்கில், நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டியது அந்தப் பையன்களை அல்ல, கான்ட்ராக்டரை. வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு நாளை போனை அணைக்கக்கூடியவர் அவர்தான். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடட்டும். எந்தக் கம்பெனிக்கு ஆள் விடுகிறார் என்று அந்தக் கம்பெனி அலுவலகத்திலேயே கேளுங்கள். எட்டுப் பேரின் அடையாள அட்டை நகல், புகைப்படம், ஊரில் உள்ள வீட்டாரின் எண் தனித்தனியாக வேண்டும். தொழிலாளர் துறை இணையதளத்தில் அவர்களைப் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், புதிதாக வருபவர் அட்டையைக் காட்டிய பிறகே பாயை விரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.