அனெக்சின் கேள்வி-பதில்: கால்சியத்தை மறக்காதீர்கள்

கேள்வி: மனிதரில் எத்தனை அனெக்சின்கள்?
பதில்: அனெக்சின் என்பது கால்சியம் இருக்கும்போது செல்லின் சவ்வில் ஒட்டும் புரதம். மனிதரில் பன்னிரண்டு. எண் ஏ13 வரை போகும், ஏ12 காலி.

கேள்வி: கால்மோடுலின் புரதத்தில் இருப்பது போல ஈஎஃப்-ஹேண்ட் என்ற கால்சியம் பிடிக்கும் மடிப்பு உண்டா?
பதில்: கிடையாது. சுமார் 70 அமினோ அமிலம் கொண்ட துண்டு நான்கு முறை திரும்ப வரும். ஏ6-இல் மட்டும் எட்டு. புரதத்துக்கும் சவ்வின் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறுக்கும் நடுவே கால்சியம் பாலமாக நிற்கிறது.

கேள்வி: மருந்து கொடுத்த செல்கள் கண்ணெதிரே சாகின்றன. ஆனால் அனெக்சின் ஏ5 சாயம் ஒட்டவில்லை. கிட் பழுதா?
பதில்: எந்த பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்), செல்களை எப்படிப் பிரித்தீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. எழுதாமல் நான் எதை வைத்துச் சொல்வது? எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். கிட்டைக் குறை சொல்லும் முன் கால்சியத்தைப் பாருங்கள். சாகும் செல்லில் சவ்வின் உட்பக்கத்திலிருந்து வெளியே வரும் பாஸ்படிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிடை ஏ5 பிடிப்பது கால்சியம் இருக்கும் வரைதான். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் ட்ரிப்சின் நொதி, இடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்தது, மிச்சமிருந்தால் கால்சியத்தை அந்த இடிடிஏ வாரிக்கொள்ளும். சாயம் போட்டபின் கால்சியம் இல்லாத பாஸ்பேட் உப்புக் கரைசலான பிபிஎஸ்ஸில் கழுவினாலும் ஒட்டியது கழன்றுவிடும். பிபிஎஸ்ஸிலேயே கால்சியம் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிந்துவிடக்கூடும். சுமார் 2.5 மில்லிமோலார் கால்சியம் உள்ள ஹெப்பிஸ் பஃபரிலேயே கடைசி வரை வையுங்கள். அப்புறம், தட்டில் மிதக்கும் செல்களை மீடியத்தோடு (வளர்ப்புத் திரவத்தோடு) கொட்டிவிட்டீர்களா? சாகிற செல்கள்தான் முதலில் தட்டை விட்டு விடுபடும். நீங்கள் தேடியதே சிங்க்கில் போயிருக்கும்.

கேள்வி: அனெக்சின், சவ்வு கிழிந்த செல்லில் புகும் பிஐ சாயம் இரண்டும் ஏறினால் அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வதுதானே?
பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சவ்வு கிழிந்த எந்தச் செல்லிலும் ஏ5 உள்ளே புகுந்து உட்பக்கத்தில் ஒட்டும். வெவ்வேறு நேரங்களில் அளந்து, அனெக்சின் மட்டும் ஏறிய கட்டத்தைப் பிடியுங்கள்.

கேள்வி: செல்லுக்குள் இவற்றுக்கு என்ன வேலை?
பதில்: நல்ல கேள்வி, சாயப்புட்டியைத் தாண்டி யோசித்திருக்கிறீர்கள். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போல சுமார் 10,000 மடங்கு. தசைச் செல்லின் சவ்வு கிழிந்தால் கால்சியம் உள்ளே பாயும். ஏ1, ஏ2, ஏ5, ஏ6 சில நொடிகளில் கிழிசலருகே கூடி அடைக்க உதவும். ரத்தக் குழாய்ச் சுவரில் ஏ2, எஸ்100ஏ10 என்ற புரதத்துடன் சேர்ந்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் உருவாவதற்குத் துணை செய்கிறது. ஏ11 மரபணு மாற்றங்கள் ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோயோடு தொடர்புள்ளவை.

கேள்வி: பிளேட்லெட்டில் ஏ5 ஒட்டுகிறது. செத்துவிட்டதா?
பதில்: அவசியமில்லை. தூண்டப்பட்ட பிளேட்லெட்டும் பாஸ்படிடைல்செரினை வெளியே காட்டும். ரத்தத்தை இடிடிஏ குழாயில் எடுத்திருந்தால், மேலே மூன்றாவது பதிலைப் படியுங்கள்.